வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளிகள்

என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நாற்பது வருடமாக நான் எழுதியதெல்லாம் டோபிக் கடைச் சீட்டில் ‘சட்டை நான்கு, வேட்டி ஒன்று’ என்பதுதான். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

எங்கள் முருகன் கோயில் செயலாளர்தான் இதை எழுதச் சொன்னார். தைப்பூசத்துத் தண்ணீர்ப்பந்தல் தொண்டர்களுக்கு வெள்ளைப் பனியன் சட்டை தைக்கக் கொடுப்பதற்காகக் கோயில் என்னைக் கடல் தாண்டித் திருப்பூருக்கு அனுப்பியது. என் சித்தப்பா மகன் பழனிச்சாமி அங்கே பனியன் கம்பெனி வைத்திருக்கிறான் என்பதுதான் என்னை அனுப்பியதற்குக் காரணம். திரும்பி வந்ததும் மேடையில் ஏற்றி “பயணம் எப்படி?” என்று கேட்டார்கள். “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. “பேச வேண்டாம், ஆண்டு மலருக்கு எழுதியாவது கொடுங்கள்” என்றார் செயலாளர். நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதுகிறேன். கோயில் மலரில் போட முடியுமா என்று படித்துவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.

போய்ச் சேர்ந்தது ஆயுத பூசைக்கு முந்தின நாள். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. முன்னால் வீடு, பின்னால் கம்பெனி. வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். பழனிச்சாமியின் மனைவி தெய்வானை ஆரத்தித் தட்டோடு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு யாரும் ஆரத்தி எடுத்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டில் செக்கச்செவேலென்று தண்ணீர் ஆடியது.

“நல்லாப் பாத்துக்கோங்ணா, இது உங்களுக்குத்தான். நான் அமெரிக்கா போயிட்டு வந்தாக்கூட இந்த ஊட்டுல ஒரு சொம்புத் தண்ணி சுத்த மாட்டாங்க” என்றான் பழனிச்சாமி.

“நம்பாதவிகளுக்கு எதுக்குங்க சுத்தோணும்? திருஷ்டியே உங்களப் பாத்தா பயந்து ஓடிப்போயிருமுங்க” என்றது தெய்வானை.

இப்படித்தான் எனக்குத் தெரிந்தது, என் தம்பிக்குச் சாமி இல்லை என்று. கறுப்புச் சட்டை, மேடைப் பேச்சு எல்லாம் உண்டு. ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன். தெய்வானைக்குச் சாமி அறை உண்டு. அந்த அறை வாசலில் அவன் செருப்பைக் கழற்றுவதில்லை. ஆனால் உள்ளே போவதுமில்லை. இருபது வருடமாக இப்படியே ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

மத்தியானம் அரிசிம்பருப்பு சாதம். அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வெந்தது, மேலே நெய். எங்கள் ஊர் நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால் சோறு தனி, சம்பல் தனி; இங்கே ஒரு பானையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. “இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க மாமா, ஒறம்பரைக்கு வந்தவிக வயித்த ஏமாத்தக் கூடாதுங்க” என்று மூன்று முறை போட்டது தெய்வானை. அந்த ஊரில் திட்டுவதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் திட்டுகிறார்கள்.

பிறகு கம்பெனிக்குள் போனேன். நாற்பது வருடம் துணி துவைத்தவன் நான். துணி பிறப்பதை அன்றுதான் பார்த்தேன். ஆள் உயர வட்ட இயந்திரம். சுற்றிலும் கோன் கோனாக நூல் நிற்கிறது. எல்லா நூலும் மேலே ஏறி, உள்ளே இறங்கி, ஊசிகள் மினுமினுவென்று குதிக்க, கீழே துணி ஒரு குழாயாக இறங்கி வருகிறது. எங்கும் ஒட்டு இல்லை, தையல் இல்லை. மழை இறங்குவதைப் போல, சத்தத்தோடு, நிற்காமல். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்க வேண்டும்.

“அண்ணாச்சி, வாய மூடிக்கிடுங்க, பஞ்சு உள்ள போயிரும்” என்று யாரோ சொன்னார்கள்.

திரும்பிப் பார்த்தேன். செக்கிங் மேசையில் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். பெயர் ஸ்டெல்லா. தூத்துக்குடிப் பக்கம். புருஷன் இன்னொரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். இருவரும் இரண்டு பிள்ளைகளோடு பழனிச்சாமியின் லைன் வீட்டில் இருந்தார்கள். தைத்து வரும் சட்டையைப் புரட்டி, தையல், ஓட்டை, எண்ணெய்க்கறை எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் ‘சரிபார்த்தவர் 11’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த விரல் அகலச் சீட்டு ஒன்றைப் பைக்குள் போடும். சரியில்லை என்றால் வீசிவிடும். அதன் மேசைக்கு மேலே ஒரு சின்ன மாதா படம் ஒட்டியிருந்தது. பழனிச்சாமி அதைக் காட்டிச் சிரித்தான்.

“இந்த அம்மிணி மாதாவ நம்புது. நான் இந்த அம்மிணி கண்ண நம்பறேன். பதினொண்ணாம் நம்பர் பாத்த பீஸ் இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லீங்ணா.”

மறுநாள் ஆயுத பூசை. இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பழனிச்சாமி வெளியே மர நிழலில் உட்கார்ந்து தன் மொபெட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். “வண்டிக்கும் பொட்டு வெச்சுடாதீங்க, வெக்கப்பட்டுட்டு ஓடாதுங்க” என்று உள்ளே பார்த்துக் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவனை யாரும் வெறுக்கவில்லை. அதுவும் எனக்கு ஆச்சரியம்தான். எங்கள் ஊரில் சாமி இல்லை என்றவரோடு கடையில் சேர்ந்து தேநீர்கூடக் குடிக்க மாட்டோம்.

தெய்வானைக்கு அன்று ஒரு யோசனை. “இது கோயில் துணிங்க மாமா. மத்த துணியாட்ட இல்ல. புதுத்துணிக்கு மஞ்சள் வெக்கற மாதிரி இதுக்கு நூல்லயே மஞ்சள் வெச்சரோணும். நீங்க முருகன் ஊட்ல இருந்து வந்தவிக, உங்க கையால வெய்ங்க” என்றது.

வழக்கமாக அவர்கள் இயந்திரத்துக்கு மட்டும்தான் பொட்டு வைப்பார்களாம். நூலுக்கு வைத்தது அன்றுதான் முதல்முறை. கூட்டம் என்னையே பார்த்தது. மறுக்க எனக்குக் கூச்சம், செய்யவும் கூச்சம். கிண்ணத்தில் குழைத்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டு, இயந்திரத்தைச் சுற்றி நின்ற ஒவ்வொரு கோனுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ‘முருகா’ என்று உள்ளுக்குள் சொன்னேன். நூல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது.

பூசை முடிந்து குங்குமத் தட்டு சுற்றி வந்தபோது ஸ்டெல்லா, “பொரிகடலை மட்டும் தாங்கக்கா” என்று சிரித்துக்கொண்டே முந்தானையை ஏந்தியது. தெய்வானையின் முகம் சற்றே வாடியதைப் பார்த்தேன். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் நல்ல நேரம் பார்த்து இயந்திரத்தை ஓட்ட வேண்டும் என்றது தெய்வானை. பழனிச்சாமி ராகுகாலம் எது என்று விசாரித்து, சரியாக அந்த நேரத்துக்குச் சுவிட்சைப் போட்டான். இயந்திரம் சாதாரணமாக ஓடியது. பயமே இல்லாத மனிதன் எப்படி இருப்பான் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். சுருதியோடு விசிலடித்துக்கொண்டிருந்தான்.

அன்று தனியாகத் திருப்பூர் டவுனுக்குப் போனேன். பாலத்தில் நின்று நொய்யலைப் பார்த்தேன். ஆறு ஊதா நிறத்தில் இருந்தது. சற்றுத் தள்ளிப் பச்சை. எங்கள் கடைச் சாக்கடையை நாலாயிரம் மடங்கு பெரிதாக்கினால் அப்படி இருக்கும். அத்தனை நிறத்தையும் பார்த்து முதலில் மலைத்துப் போனேன். மூக்கு சொன்ன பிறகுதான் மனசு கனத்தது. டீக்கடையில் ஒரு வடநாட்டுப் பையன் போனில் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று கேட்டேன். டீ மாஸ்டர் மொழிபெயர்த்தார்: “அவங்கம்மாகிட்டச் சொல்றானுங்க. இங்க எல்லாரும் நல்லவிக, ஆனா எதச் சாப்பிட்டாலும் உள்ள தேங்காய் இருக்குதுன்னு.” திரும்பும்போது பஸ்ஸில் தூங்கி அவிநாசியைத் தாண்டிவிட்டேன். கண்டக்டர் எழுப்பி, “ஏனுங்க, தூக்கத்துக்கு டிக்கெட் வேணுங்களா?” என்றார். ‘ங்க’ போட்ட கேலிக்குக் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

நான்காம் நாள், நெய்து முடித்த துணிச் சுருளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அருள்புரத்துக்குப் போனோம். அங்கேதான் சலவைப்பட்டறை. இயந்திரத்திலிருந்து வரும் துணி பழுப்பாக இருக்கும். சலவைச் சோடாவில் வேகவைத்து, மருந்தில் வெளுத்தால்தான் வெள்ளையாகும். வழியில் டெம்போ பஞ்சர். ஒரு மணி நேரம் நானும் துணிச் சுருள்களும் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். போகிற வருகிறவர்கள் என்னையும் ஒரு சுருள் என்று நினைத்திருப்பார்கள். பட்டறையில் துணியை இறக்கினோம். “கோயில் துணி, பாத்துப் பண்ணுங்க” என்று பழனிச்சாமி தமாஷாகத்தான் சொன்னான்.

மறுநாள் காலை பட்டறையிலிருந்து போன். துணியைச் சோடாவில் போட்டதும் ரத்தம் வந்துவிட்டதாம்.

போய்ப் பார்த்தோம். பட்டறைக்காரர் வேலையைப் பாதியில் நிறுத்தித் துணியை வெளியே எடுத்துப் பரப்பியிருந்தார். ஈரத்துணி நெடுகச் சிவப்புப் புள்ளிகள். கடுகளவு, மிளகளவு. விரல் அறுந்தவன் உதறிவிட்டுப் போனது போல. பட்டறை ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்கள். “முப்பது வருசத்துல துருக்கறை பாத்திருக்கறேன், கிரீஸ் கறை பாத்திருக்கறேன். இப்பிடிப் பாத்ததில்லீங்க. சாமி துணின்னு வேற சொன்னீங்க. இதுக்கு மேல நான் கைவெக்க மாட்டேனுங்க” என்றார் பட்டறைக்காரர்.

இங்கே ஓர் உண்மையை எழுதியாக வேண்டும். டோபிக்காரன் நான். மஞ்சள் பட்ட சட்டையில் சோப்புப் போட்டால் சிவக்கும் என்பதை ஆயிரம் தடவை பார்த்தவன். அந்தத் துணியைப் பார்த்த கணத்தில் என் கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என் மனம் அதைக் கேட்கவில்லை. அம்மா வந்துவிட்டாள் என்று உடம்பு சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அது அம்மனாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் பொட்டு வைத்த நூலில் தெய்வம் இறங்கியது என்றால் எனக்கு எவ்வளவு பெருமை.

ஆறாம் நாள் தெய்வானை என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குன்னத்தூர்ப் பக்கம் போனது. அங்கே அருள்வாக்குச் சொல்லும் அம்மா ஒருவர். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் அந்த அம்மா கண்ணை மூடி ஆடிவிட்டு, “கும்பிடாத கை பட்டிருச்சு சாமி. அந்தக் கைய வெளிய அனுப்பு” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தெய்வானை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தது. கும்பிடாத கை அதன் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் தெய்வானை சொன்னது வேறு: “நான் அன்னிக்கே பாத்தனுங்க மாமா. குங்குமம் வேண்டாம்னுச்சே அந்த ஸ்டெல்லா.” நான் வாயைத் திறந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் பழனிச்சாமி இருக்கிறான் என்று ஒரு தைரியம் எனக்கு. ரத்தமாவது, அம்மனாவது என்று ஒரே போடாகப் போட்டுவிடுவான். அவன் செக்கிங் மேசை முன்னால் நின்றிருந்தான். கையில் விரல் நீளச் சின்னப் பாட்டில். உள்ளே எண்ணெய். எதிரே ஸ்டெல்லா.

“வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயி வாங்கியாந்த எண்ணெயிங்களாமா. இவ பையில இருந்துது. தெனமும் கைல தேய்ச்சுட்டு வந்து துணியத் தொடறா. அந்தக் கறைதான் இது. ரத்தமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல” என்றான் என்னிடம்.

“மொதலாளி, அது நெத்தில வைக்கிற எண்ணெயில்லா. நெய்த துணிய நான் தொடவே இல்லயே. தைச்ச சட்டைதான எங்கிட்ட வரும்? இது இன்னும் கட்டிங்குக்கே போகலயே” என்றது ஸ்டெல்லா.

“மூடநம்பிக்கைக்கு எங் கம்பெனில எடமில்ல அம்மிணி. நாளைக்குள்ள லைன் ஊட்டக் காலி பண்ணிரு.”

சாமி உண்டு என்கிற மனைவியும் சாமி இல்லை என்கிற கணவனும் ஆளுக்கொரு வழியாக நடந்து ஒரே பெண்ணின் வாசலில் வந்து நின்றார்கள். அந்த வீட்டில் இருபது வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதானாம்.

ஸ்டெல்லா அழவில்லை. “இந்தச் சந்துல எல்லாக் கம்பெனிக்கும் இப்பமே தெரிஞ்சிருக்கும், துணியில ரத்தம் வரவச்சவன்னு. நான் எங்க போயி வேல கேக்க?” என்று மட்டும் கேட்டது. பிறகு மேசைக்கு மேலிருந்த மாதா படத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழியாமல் எடுக்கத் தொடங்கியது. ஒரு மூலை மட்டும் வரவில்லை.

அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக என் ஆட்காட்டி விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது.

ஏழாம் நாள் காலை குளிக்கும்போது அந்த விரலில் சோப்பைத் தேய்த்தேன். சிவந்தது. இனி நடிக்க முடியாது. முருகனிடம் கேட்டேன்: இது மஞ்சள் என்று சொன்னால் உனக்குக் குறைவா? அவரும் என்னைப் போல வாய் பேசாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் எல்லாரும் வேலையைத் தொடங்காமல் கூடிக்கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லாவின் புருஷன் கட்டில் பலகைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பழனிச்சாமியும் தெய்வானையும் இருந்தார்கள். நாற்பது பேர் முன்னால் பேச என்னால் ஆகாது. அதனால் பேசவில்லை. வீட்டுக்குள் போய் மஞ்சள் கிண்ணமும் ஒரு பக்கெட்டில் சலவைச் சோடாக் கரைசலும் எடுத்து வந்தேன். தரையில் கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தேன். மஞ்சளைத் தொட்டுத் துணியில் ஒரு பொட்டு வைத்தேன்.

“மாமா என்ன பண்றீங்க?” என்றது தெய்வானை.

துணியைப் பக்கெட்டில் முக்கி எடுத்தேன். பொட்டு ரத்தச் சிவப்பாக இருந்தது.

யாரோ பின்னாலிருந்து, “அய்யோ சாமி” என்றார்கள். நான் துணி பின்னும் இயந்திரத்தில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்தேன். “திருஷ்டிப் பழத்தைத் தொடாதீங்க மாமா!” என்று கத்தியது தெய்வானை. ஐந்து நாளில் பழம் சுருங்கியிருந்தது. ஆனாலும் சாறு இருந்தது. சிவந்த பொட்டின் மேல் பிழிந்தேன். சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு விலகி மறுபடியும் மஞ்சளானது.

பெரிய வேலை ஒன்றுமில்லை. டோபிக் கடையில் தினமும் செய்வது. ஆனால் அன்று அந்தச் சிவப்பு கலைந்து மஞ்சள் வந்தபோது நானே முதல்முறை பார்ப்பவன் போல நின்றேன். நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னப் பொட்டையே பார்த்தார்கள். நான் கோயிலில் தீபாராதனைக்கு மட்டும்தான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டிருக்கிறேன்.

“கோனுக்கெல்லாம் பொட்டு வெச்சது நானு. இந்த விரல்தான். ஸ்டெல்லாம்மா இல்ல” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கே வியர்த்துவிட்டது.

ஒரு தையல்காரப் பெண், “அட ஆமாங்க! நாம ஆரத்தி கரைக்கறதே மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுத்தானுங்க! இதே செவப்புத்தான!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டது. அப்போதுதான் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. தெரியாதவர் ஒருவரும் இல்லை. நான் வந்திறங்கிய அன்று தெய்வானையே தன் கையால் கரைத்த சிவப்பு அது. தட்டில் இருந்தபோது தெரிந்தது, துணியில் வந்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை.

பழனிச்சாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மேடைக் குரல் வந்துவிட்டது. “பாத்தீங்களா எல்லாரும்! அம்மனாம், அருள்வாக்காம்! இதுக்குத்தான் நான் தலதலயா அடிச்சுக்கறேன், எதையும் கேள்வி கேளுங்க, சோதிச்சுப் பாருங்கன்னு...”

“மொதலாளி, எம் பாட்டிலு?” என்றது ஸ்டெல்லா.

அவன் நிறுத்தினான். பாட்டில் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. கையில் எடுத்தான்.

“நீங்க சோதிச்சுப் பாத்தியளா? ஒரு சொட்டு ஊத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா. எண்ணெய் செவக்குமா மொதலாளி?”

நான் பயந்துவிட்டேன். நாற்பது பேர் முன்னால் முதலாளியை இப்படிக் கேட்டால் எங்கள் ஊரில் கதை வேறு மாதிரி முடியும். பழனிச்சாமி மேசைக்கு வந்து பாட்டிலை இரண்டு கையாலும் வைத்தான்.

“இல்ல அம்மிணி. பாக்கல. மாதா எண்ணெய்னதும் எனக்கு எல்லாந் தெரிஞ்ச மாதிரி ஆயிப்போச்சு. உங்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல. நான் பண்ணுனது பெரிய தப்பு” என்றான். குரல் மேடைக் குரல் இல்லை. பிறகு வெளியே போய், ஸ்டெல்லாவின் புருஷனோடு சேர்ந்து கட்டில் பலகைகளைத் தானே தூக்கி உள்ளே வைத்தான்.

சாமி இல்லாத மனிதனுக்குப் பயம் இருக்காது என்று நினைத்திருந்தேன். அன்று அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. தப்பு என்று சொல்வதற்கு அவனுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது. சொன்னான். கோயிலில் இத்தனை வருடம் கும்பிடு போட்டிருக்கிறேன். அப்படி ஒரு கும்பிடு நான் போட்டதில்லை.

தெய்வானை தனியாக என்னிடம் வந்தது. “அப்ப அம்மன் வரலீங்களா மாமா?” குழந்தை கேட்பது போலக் கேட்டது.

“வந்தாளா வரலையான்னு எனக்குத் தெரியாதும்மா. பொட்டு வெச்சது நான். அது மட்டும் தெரியும்.”

தெய்வானை சமையலறைக்குப் போய், இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு லைன் வீட்டுப் பக்கம் போனது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. போனதைவிட மெதுவாகத் திரும்பி வந்தது. பாத்திரம் காலியாக இருந்தது.

துணி மறுபடியும் சோடாவிலும் மருந்திலும் இறங்கி, அப்பழுக்கில்லாத வெள்ளையாக வந்தது. பட்டறைக்காரர் பாதியில் நிறுத்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும் கறை அது. பயம்தான் அதை மூன்று நாள் காப்பாற்றி வைத்திருந்தது.

ஸ்டெல்லா அங்கேயே இருக்கப் போகிறதா என்று கிளம்புகிற அன்று கேட்டேன். “தீபாவளி வரைக்கும் பாக்கேன் அண்ணாச்சி. வேற கம்பெனியிலும் கேட்டு வச்சிருக்கேன். மனசுல பட்டது லேசுல போகாதுல்லா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சாலும்” என்றது. சிரிக்கவில்லை. “ஆனா உங்க கோயில் சட்டைய வேற யாரையும் பாக்க விடமாட்டேன். ஒவ்வொண்ணையும் நானே வெயில்ல விரிச்சுப் பாத்துட்டுத்தான் சீட்டுப் போடுவேன். ஒரு புள்ளி இருந்தா ரிஜெக்ட்.” மாதா படம் பழைய இடத்துக்கு வந்திருந்தது. வராமல் நின்ற அந்த ஒரு மூலையின் மேலேயே சரியாகப் பொருத்தி ஒட்டியிருந்தது.

சட்டைகள் கப்பலில் வந்து சேர்ந்தன. நேற்றைக்கு முந்தின நாள் மாலை, தைப்பூசத்துக்கு முன்பு, கோயில் மண்டபத்தில் கட்டைப் பிரித்துத் தொண்டர்களுக்குக் கொடுத்தோம். எல்லாரும் அங்கேயே போட்டுப் பார்த்தார்கள். பைக்குள் கைவிட்டு, ஒரு சின்னச் சீட்டை எடுத்து, என்ன ஏது என்று பார்க்காமல் கீழே போட்டார்கள். தரையெல்லாம் சீட்டு. நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன்.

“என்னா லா வேலு, குப்பையைப் பொறுக்கிட்டு இருக்க? கூட்டிடுவாங்க” என்றார் செயலாளர்.

வழக்கம்போல நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால், “குப்பை இல்லீங்க ஐயா. இதெல்லாம் ஒரு அம்மா ஒண்ணொண்ணா வெயில்ல விரிச்சுப் பார்த்ததுக்கு அத்தாட்சி. அவங்க நம்ம சாமியைக் கும்பிடறவங்க இல்ல” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு தன் காலடியில் கிடந்த ஒன்றைத் தானே குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

எத்தனை சட்டையோ அத்தனை சீட்டும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பதினொன்று. ஒன்றை இந்தத் தாளின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். மலரில் போடும்போது அதையும் சேர்த்துப் போட முடியுமா என்று பார்க்கவும்.

தைப்பூசத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, 12.2.2006.